ஓட்டைப் படகுக்கு ஒரு நங்கூரம்

நவம்பர் 3, திங்கள்

இன்று பொதுக்கூடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

நாலு மணி ஆட்டத்தில் நான் நங்கூரச் சீட்டு ஒன்று வாங்கினேன். எதிரே இருந்த குருநாதன் சிரித்தார். இந்த முதியோர் குடியிருப்பின் விளையாட்டுச் செயலாளர் அவர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், இங்கேயும் எல்லோரையும் அளந்துகொண்டே இருப்பவர்.

“ஏனுங் மயிலாத்தா, அந்தத் தண்டச் சீட்டத்தான் வாங்கோணுமா? போன தடவையும் அதையேதான் வாங்குனீங்க.”

“எனக்குப் புடிச்சிருக்குதுங்.”

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். “அவங்களுக்கு அதெல்லாம் புரியாதுங். அடுத்த மாசத்துல இருந்து தம்போலா மேசையில உக்கார வெச்சர்லாம்.”

பதினோரு பேர் கேட்டார்கள். பி-14 வீட்டுக்காரியும் கேட்டாள். தன் கையில் இருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாக்கியத்தை நான் வாழ்க்கையில் கேட்பது இது இரண்டாவது முறை.

இரவு சந்தகை. தேங்காய்ப்பாலில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது.

நவம்பர் 4, செவ்வாய்

தம்போலாவுக்குப் போக மாட்டேன். கூப்பிடும் எண்ணைச் சீட்டில் அடிப்பதற்கு மூளை எதற்கு.

நவம்பர் 6, வியாழன்

இந்த ஆட்டத்தின் பெயர் துறைமுகம். சி கட்டிடத்துக்காரர் ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பெட்டி. சீட்டுகளில் ஆங்கிலம்தான். நாங்கள் வைத்த தமிழ்ப் பெயர்களை மேலே ஒட்டியிருக்கிறோம்.

எல்லோருக்கும் முதலில் பத்துச் சீட்டு. ஏழு துடுப்பு, மூன்று ஓட்டைப் படகு. கட்டின் மேலிருந்து ஐந்து எடுக்க வேண்டும். துடுப்பு ஒன்றுக்கு ஒரு வலு. அந்த வலுவைக் கொண்டு நடுமேசையிலிருந்து ஒரு சீட்டு வாங்கலாம். பாய்மரத்துக்கு நாலு வலு வேண்டும், அது திரும்பி வரும்போதெல்லாம் மூன்று வலு தரும். கலங்கரை விளக்கத்துக்கு எட்டு. அது வலு எதுவும் தராது, ஆனால் ஒவ்வொன்றும் கடைசியில் ஐந்து புள்ளி. பன்னிரண்டு விளக்கமும் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஆடியது, வாங்கியது எல்லாம் ஒதுக்கிய கட்டுக்குப் போகும். கைக்கட்டு தீர்ந்ததும் அதைக் கலைத்து மறுபடி எடுக்க வேண்டும். ஆக, வாங்கிய நல்லதும் திரும்பி வரும், முதலிலிருந்தே இருக்கும் கெட்டதும் திரும்பி வரும். ஓட்டைப் படகு ஒன்றுக்கும் உதவாது, கையில் இடத்தை அடைக்கும், கடைசியில் ஒரு புள்ளி குறையும். இதைத் தூக்கி எறிய இந்த ஆட்டத்தில் வழியே கிடையாது.

நங்கூரத்தின் விலை மூன்று வலு. அதை இறக்கினால், கையில் இருக்கும் இன்னொரு சீட்டை அதன் கீழ் வைத்து மேசையிலேயே நிறுத்தலாம். அடுத்த முறையே எடுத்துவிட வேண்டும் என்பது குருநாதனின் கணக்கு. அவ்வளவுதான்.

பெட்டியில் பத்து நங்கூரம். மூன்றின் முதுகில் யாரோ பென்சிலால் ரம்மிப் புள்ளிகளை எழுதிவைத்திருந்தார்கள். ஒன்றில் பேனா. தண்டச் சீட்டுதானே என்ற எண்ணம். பென்சில் எழுத்தை அழிரப்பர் வைத்து அழித்தேன். பேனாவால் எழுதியதை விட்டுவிட்டேன். ஒன்பது போதும்.

நவம்பர் 11, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஹாஜிரா என் கட்டிலில் உட்கார்ந்து என்னோடு ஆடுகிறாள். உக்கடத்தில் நாற்பது வருடம் தையல்கடை வைத்திருந்தவள். சீட்டைக் கலைக்கும் விரல் அழகு. இதுவரை ஒன்பது ஆட்டம். ஒன்பதும் தோல்வி. பாய்மரம் கிடைத்ததும் நங்கூரத்தின் கீழ் பத்திரமாக வைப்பேன், அடுத்த முறை பெரிதாக வாங்கலாம் என்று. இந்த முறை கை வறண்டு போகும்.

“மயிலக்கா, ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. நல்ல சட்டைய பீரோவுல வெச்சுட்டுக் கிழிசலப் போட்டுட்டுத் திரியறீங்க.”

“சும்மா ஆடு.”

“உங்க தங்கச்சி வசந்தாமணி நேத்து ரெண்டாவது இடம் வந்தாங்களாம்.”

நான் சீட்டைக் கலைத்தேன். ஆமாம், பி-14 என் கூடப்பிறந்தவள்தான். தலைமையாசிரியை. ஆறு மாதத்துக்கு முன் இங்கே குடிவந்தாள். இங்கே இடம் இருக்கிறது என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. நாங்கள் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

மிளகாய் காயப்போட்டேன். மழை வந்து எடுத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் மருத்துவ முகாம். பி-14 ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் மாத்திரைச் சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பழக்கம். மின்வாரியக் கடிதம், மருத்துவமனை அறிக்கை, எது வந்தாலும் தமிழில் எழுதி, முக்கியமான இடத்துக்குக் கீழே கோடும் போட்டுக் கொடுப்பாள். அழகான கையெழுத்துதான். அதை மறுக்கவில்லை.

என் சீட்டை நானே படித்துக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

பகலில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நான் வேலை பார்த்த நூல் மில் ஞாபகம் வந்தது. நூலைக் கோனில் சுற்றும் இயந்திரத்தில் எனக்கு அறுபது டிரம், டிரம்முக்கு ஒரு நூல். ஏதாவது ஒன்றில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். புதுப் பெண்கள் அதன் முன்னாலேயே நின்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குள் மற்ற டிரம்களும் நின்றுபோகும். நான் அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மிச்சம் ஐம்பத்தொன்பதையும் ஓட்டுவேன். அதைக் கழற்றி எறிய முடியாது, அது மில்லின் சொத்து. நிறுத்திவைக்கலாம்.

நங்கூரத்தின் கீழ் நல்ல சீட்டை வைக்கக் கூடாது. ஓட்டைப் படகை வைக்க வேண்டும். வைத்துவிட்டு எடுக்கவே கூடாது. நங்கூரமும் மேசையில், படகும் மேசையில். கட்டைக் கலைக்கும்போது இரண்டும் அதில் இருக்காது. மிச்சம் வருவதெல்லாம் நல்ல சீட்டு.

ஹாஜிராவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஆனா அடுத்த மொறையே எடுத்தாகணும்னு செயலாளர் சொல்லியிருக்காருல்ல.”

அதுதான் இடிக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

குருநாதனிடம் நேராகக் கேட்டேன். நங்கூரத்தை அடுத்த முறையே தூக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

“சீட்டாட்டம்னா ஒரு மொற இருக்குதுங். கையில இருக்கோணும், இல்லீன்னா கீழ தள்ளியிருக்கோணும். நடுவுல மேசையில சீட்டக் கெடக்க உடறது எந்த ஊரு வழக்கமுங்?”

அது ரம்மியின் வழக்கம். இவர் ஐம்பது வருடமாக ரம்மி ஆடுகிறவர். எந்த ஆட்டம் வந்தாலும் அதற்கு ரம்மியின் சட்டையையே மாட்டிவிடுகிறார். அதை மற்ற பத்துப் பேரும் சட்டம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் ரம்மிக்காரர்கள்தான்.

“விதிப் புத்தகம் எங்கீங்?”

“அது எங்கியோ போயிருச்சுங். இருந்தாலும் முப்பது பக்கம் இங்கிலீசு. நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

இன்னொன்றும் சொன்னார். வருடக் கடைசி ஆட்டம் ஜனவரி 4. மேசையில் மூன்று பேர். போன வருடம் ஜெயித்த அவர், இந்த வருடப் புள்ளிக் கணக்கில் முதலில் நிற்கும் வசந்தாமணி, மூன்றாவது இடத்துக்கு யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். ஜெயித்தவருக்கு ஒரு வருடத்துக்கு ஜன்னலோர மேசை. விதியில் சந்தேகம் வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு.

பெயர் கொடுத்தேன். பலகையில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. அவர் என் பெயருக்குப் பக்கத்தில் “தோற்றால் தம்போலா” என்று எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனாவை வாங்கி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

விதிப் புத்தகம் தொலையவில்லை. அது பி-14இல் இருக்கிறதாம். ஹாஜிரா கண்ணால் பார்த்திருக்கிறாள். “அன்னிக்கு உங்கள அப்படிச் சொன்னாருல்ல, அதுக்கு மறுநாளே மேசை டிராயர்ல இருந்து எடுத்துட்டுப் போனாங்களாம்.”

“எடுத்துட்டுப் போனா போகட்டும்.”

“ஒரு வார்த்த கேட்டாக் குடுத்துருவாங்க.”

கேட்க மாட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கேட்க மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

நவம்பர் 27, வியாழன்

கைகழுவும் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. பராமரிப்புக்குச் சொன்னால் மூன்று நாள் ஆகும். நானே கழற்றினேன். உள்ளே ஒரு சீப்பின் பல், தலைமுடி, புளியங்கொட்டை. நான் புளியங்கொட்டையைத் தொட்டியில் போடுகிற ஆள் இல்லை.

ஏன் கேட்க மாட்டேன் என்று ஹாஜிரா கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த பதினான்கு மாதமும் நான்தான் பார்த்தேன். எந்த மாத்திரை எதற்கு என்று பெட்டியில் இருந்த தாளையெல்லாம் அகராதி வைத்துப் படித்தேன். எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போனவள்தான், ஆனால் இயந்திரத்தின் கையேட்டைப் படித்தே ஆங்கிலம் கற்றவள். கடைசி வாரம் பெரிய டாக்டர் வந்தார். எங்கள் இருவரிடமும் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். வசந்தாமணி என் முன்னால் வந்து நின்று, “அக்காவுக்கு அதெல்லாம் புரியாதுங் டாக்டர், எங்கிட்டச் சொல்லுங்க” என்றாள்.

டாக்டர் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. சிறுநீரகம் நின்றுவிட்டது என்பதும் புரிந்தது. அவள் வெளியே வந்து என்னிடம், “ஒன்னுமில்லக்கா, சரியாப் போயிரும்” என்றாள்.

எட்டு நாளில் எல்லாம் முடிந்தது.

நவம்பர் 29, சனி

ஹாஜிராவை அனுப்பினேன். நான் கேட்டதாகச் சொல்லாதே என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினாள். “யாருக்குன்னே கேக்கலக்கா. எடுத்துக் குடுத்துட்டு, கண்ணாடி போட்டுட்டுப் படிக்கச் சொல்லுங்க, எழுத்து ரொம்பப் பொடிசுன்னாங்க.”

புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு, பள்ளிக்கூட லேபிள் ஒட்டியிருக்கிறது. ‘துறைமுகம், விதிகள்.’ ஒன்பதாம் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருக்கிறது. துண்டிலும் எதுவும் இல்லை, புத்தகத்திலும் எதுவும் இல்லை. ஒரு வரி தமிழ் இல்லை. ஒரு கோடு இல்லை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவளுக்கு எனக்கு எழுத மட்டும் கை வரவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மூன்று நாளில் முப்பது பக்கம். அகராதியில் பார்க்க வேண்டியிருந்த சொற்கள் பதினேழுதான்.

ஒன்பதாம் பக்கம் நங்கூரத்தைப் பற்றியது. நாலு வரி. நங்கூரமும் அதன் கீழ் வைத்த சீட்டும், ஆடுபவர் தூக்கும்வரை மேசையில் இருக்கும். எத்தனை நங்கூரம் வேண்டுமானாலும் இறக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அவையும் எண்ணிக்கையில் சேரும்.

தூக்கும்வரை. நான் நினைத்ததேதான்.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் நடக்கும்போது தோன்றியது. எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பவள். எனக்கு மட்டும் எழுதவில்லை. எனக்கு எழுதித் தரத் தேவையில்லை என்றா?

நேற்றைய ரசத்தில் உப்பு தூக்கல்.

டிசம்பர் 12, வெள்ளி

ஹாஜிராவோடு முப்பத்தொரு ஆட்டம் ஆகிவிட்டது. கடைசிப் பத்தில் ஒன்பது வெற்றி. எனக்குப் பிடிபட்டவை:

முதல் இரண்டு முறையும் நங்கூரமே வாங்க வேண்டும். மூன்று வலு பெரும்பாலும் கையில் இருக்கும். பாய்மரத்துக்கு ஆசைப்பட்டு நங்கூரத்தைத் தள்ளிப்போட்டால், படகுகள் இரண்டு சுற்று கூடுதலாகத் தொல்லை கொடுக்கும்.

நங்கூரம் வரும்போது கையில் படகு இல்லையென்றால் பொறுக்க வேண்டும். அவசரத்துக்குத் துடுப்பை வைத்தால் பின்னால் அழ வேண்டியிருக்கும். நான் அழுதிருக்கிறேன்.

புயல் சீட்டை யாராவது ஆடினால் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஓட்டைப் படகு வந்து சேரும். வரட்டும். அதற்கும் ஒரு நங்கூரம். குருநாதன் புயல் இல்லாமல் ஆட மாட்டார்.

வைத்ததைத் தூக்கக் கூடாது. கை எவ்வளவு வறண்டாலும். இது எனக்குச் சுலபம்.

“உங்களுக்குன்னே செஞ்ச சீட்டுக்கா இது,” என்றாள் ஹாஜிரா. எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கணுக்கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம்.

டிசம்பர் 31, புதன்

பலகையில் “தோற்றால் தம்போலா” இன்னும் அழியவில்லை. துடைக்க வந்த பெண்ணை நான்தான் தடுத்தேன். இருக்கட்டும், எல்லோரும் படிக்கட்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

நீளமாக எழுதப் போகிறேன். இன்று எழுதாவிட்டால் எப்போது எழுதுவது.

சாப்பாட்டுக்கூடத்து நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. குருநாதன் சலவை வேட்டி. வசந்தாமணி நரைத்த தலையை இறுகப் பின்னி, பள்ளி ஆய்வுக்கு வந்தவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில். என் முழங்கைக்கும் அவள் முழங்கைக்கும் ஒரு சாண் தூரம்.

முதல் முறை நங்கூரம் வாங்கினேன். சிரிப்பு. இரண்டாம் முறையும் நங்கூரம். பெரிய சிரிப்பு. குருநாதன் பாய்மரம் வாங்கிவிட்டு எனக்காக வருத்தப்பட்டார்.

நங்கூரம் கைக்கு வந்தது, கூடவே படகும். இரண்டையும் மேசையில் வைத்தேன். அடுத்த முறை வந்தது. நான் தூக்கவில்லை.

“எடுங் மயிலாத்தா,” என்றார்.

“எடுக்கறதில்லீங். நான் எடுக்கற வரைக்கும் அது கெடக்கும். ஒம்பதாம் பக்கம்.”

மடியில் இருந்த பழுப்பு அட்டைப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இங்கிலீசுப் பொஸ்தகத்த வெச்சுக்கிட்டு ஆளாளுக்கு ஒன்னு சொன்னா எப்புடிங்? நம்ம டீச்சர் இருக்காங்க. அவங்க படிச்சு அர்த்தம் சொல்லட்டும். ஒத்துக்கறேன்.”

புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். அது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தடுக்கவில்லை. பதினோரு வருடம் ஒரு பெண்ணோடு பேசாமல் இருந்துவிட்டு, அவள் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காக நாற்பது பேர் முன்னால் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இங்கே எழுதத் தேவையில்லை. என் கையில் ஐந்து சீட்டு இருந்தது. ஐந்தையும் இறுகப் பிடித்திருந்தேன்.

வசந்தாமணி புத்தகத்தைத் திறக்கவில்லை. அதை எடுத்து என் முன்னால் திரும்ப வைத்தாள்.

“எதுக்குங் நான் படிக்கோணும்? அக்கா படிச்சாச்சல்ல. அவளுக்கு இதெல்லாம் நல்லாப் புரியுமுங். அவ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

“அதுக்கில்லீங் டீச்சர்...”

“அவ மில்லு மெஷினையே பொஸ்தகத்தப் பாத்து ஓட்டுனவ. நீங்க ஆடுங்.”

பின்வரிசையில் ஹாஜிரா இருமினாள். அது இருமல் இல்லை.

தண்ணீர் குடித்தேன். பிறகு ஆடினேன்.

குருநாதன் நாலு முறை புயல் ஆடினார். எனக்கும் வசந்தாமணிக்கும் நாலு நாலு படகு வந்தது. எனக்கு வந்த ஒவ்வொன்றையும் ஒரு நங்கூரத்தோடு மேசையில் நிறுத்தினேன். கடைசியில் என் முன்னால் ஏழு நங்கூரம், ஏழு ஓட்டைப் படகு, துறைமுகம் மாதிரியே வரிசையாக நின்றன. கட்டில் மிச்சம் ஏழு துடுப்பு, நாலு பாய்மரம். பெரும்பாலான முறை எட்டு வலு வந்தது. ஒரு கலங்கரை விளக்கம் வாங்கினேன். அடுத்த முறை இன்னொன்று. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். குருநாதன் ஐந்தாவது புயலை ஆடவில்லை. ஆறாவது விளக்கத்தை நான் எடுத்தபோது, “அந்த நங்கூரம் இன்னும் மிச்சம் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“இன்னும் ரெண்டு இருக்குதுங். வெல மூனுதான்.”

வாங்கினார். அப்போது பன்னிரண்டில் ஒரு விளக்கம்தான் மேசையில் இருந்தது. அதை வசந்தாமணி எடுத்தாள். ஆட்டம் முடிந்தது.

எனக்கு ஆறு விளக்கம், முப்பது. ஏழு படகு போக இருபத்து மூன்று. குருநாதன் மூன்று விளக்கம், மூன்று படகு, பன்னிரண்டு. வசந்தாமணி மூன்று விளக்கம், ஏழு படகு, எட்டு. அவள் எனக்காகப் பேசினாள் என்பதற்காக ஒரு சீட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவளே கண்டுபிடித்துத் திட்டியிருப்பாள்.

குருநாதன் எழுந்து போய்ப் பலகையைத் தானே துடைத்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். திரும்பி வந்து, “அந்த ஒம்பதாம் பக்கத்த எனக்கொருக்காக் காட்டுங்” என்றார். காட்டினேன். நாலு வரியையும் விரல் வைத்துப் படித்தார். “ரெண்டு வருசமாத் தப்பாவே ஆடியிருக்கறோமுங்,” என்றார். ஆமாம் என்றேன்.

இரவு கேசரி. எனக்கு இரண்டு கரண்டி.

ஜனவரி 6, செவ்வாய்

இன்று முதல் ஜன்னலோர மேசை என்னுடையது. மேற்கே வெயில் இறங்கும்போது மலை தெரிகிறது. குருநாதன் மேசைக்கு வந்து, ரம்மி வழக்கம் இன்னும் எதெதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். ஒன்பது இடத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஜனவரி 8, வியாழன்

பதினோரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஹாஜிரா என்று நினைத்துத் திறந்தேன். வசந்தாமணி. கையில் துறைமுகப் பெட்டி.

“அந்த நங்கூரத்த எப்புடி ஆடறதுன்னு எனக்குப் புரியலக்கா.”

அவளுக்குப் புரியாமல் இருக்காது. முப்பத்தாறு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள். நான் வழியை மறித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நகர்ந்தேன்.

கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நாலாவது முறையில் ஒரு படகை நங்கூரத்தின் கீழ் வைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஓட்டப் படகு அங்கயேதான் கெடக்குமா?”

“அங்கயேதான்.”

“ஒருக்காலும் எடுக்க மாட்டியா?”

“ஆட்டம் முடியட்டும். எண்ணறப்போ பாத்துக்கலாம். இப்ப உன் மொறை, ஆடு.”

ஆடினாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.